வாடைக்காற்றில் கழலும் இறகு: மூங்கில் அம்புக்கு எந்தப் பசை?

கரையோர_வில் | திங்கள், இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். உச்சிப்புளிக்குப் பக்கத்தில், அலைச் சத்தம் வகுப்பறைக்குள் கேட்கிற தூரத்தில் இருக்கும் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் நான். பதினோரு பிள்ளைகள் என்னிடம் இந்தியன் ரவுண்டு பழகுகிறார்கள். மூங்கில் வில், மூங்கில் அம்பு, 30 மீட்டர், 50 மீட்டர். அம்புகளை வெளியில் வாங்கிக் கட்டுப்படியாகாது என்பதால் நானே செய்கிறேன். கெட்டி மூங்கிலைச் சீவி, கணுவைத் தேய்த்து, நெருப்பில் காட்டி நேராக்கி, உப்புத்தாள் போட்டு, இரண்டு கை வார்னிஷ் அடிக்கிறேன். இறகு வான்கோழி இறகு. நான்கு அங்குலம், ஓர் அம்புக்கு மூன்று.

ஆவணியில் ஒட்டிய இறகுகள் இன்றுவரை அசையாமல் நிற்கின்றன. ஐப்பசி பிறந்து வாடை திரும்பிய பிறகு ஒட்டியவை நிற்கவே இல்லை. 24 அம்புகளுக்கு ஒட்டினேன். பத்தே நாளில் 17 அம்புகளில் இறகு போய்விட்டது. முதலில் போட்டது தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசை. தூறலில் ஊறிவிட்டது போலும் என்று எண்ணி, அடுத்த முறை நொடியில் ஒட்டும் சொட்டுப் பசைக்கு மாறினேன். அதுவும் அப்படியே கழன்றது. வார்னிஷ் காய்ந்து ஒரு வாரம் கழித்துத்தான் ஒட்டுகிறேன். ஒட்டுவதற்கு முன் மருந்துக்கடை ஸ்பிரிட்டால் நன்றாகத் துடைக்கிறேன். காலையில் மணி அடிப்பதற்கு முன், கடலைப் பார்த்த தாழ்வாரத்தில் உட்கார்ந்து செய்கிற வேலை இது.

கழன்ற இறகைத் திருப்பிப் பார்த்தால், பசை முழுவதும் இறகின் அடியில் நாடாவைப் போல இருக்கிறது. அம்பில் ஒரு பொட்டுப் பசைகூட இல்லை. விரலால் தடவினால் வழவழவென்று இருக்கிறது. எந்தப் பசை வாங்கட்டும்? அடுத்த மாதம் மாவட்டப் போட்டி.

கீழக்கரை_காக்கா | திங்கள், இரவு 9.40

சார், சொட்டுப் பசையேதான். ஆனால் தண்ணீர் போல ஓடுகிற வகை வேண்டாம், ஜெல்லாக வருகிற வகையை வாங்குங்கள். வளைகுடாவில் ஏழு வருடம் ஒரு சங்கத்தில் அம்பு எய்தேன். அங்கே எல்லோரும் அதைத்தான் வைத்திருந்தார்கள். பத்து நொடி பிடித்தால் போதும். இறகு போனால் திடலிலேயே ஒட்டிவிட்டு அடுத்த சுற்றுக்குப் போகலாம்.

உப்புத்தாள்_400 | திங்கள், இரவு 10.25

காக்கா சொல்வது கார்பன் தண்டுக்கும் பிளாஸ்டிக் இறகுக்கும் சரி. மூங்கிலுக்கும் பறவை இறகுக்கும் அதை அப்படியே எடுத்து வைக்க முடியாது. நான் மதுரையில் இருக்கிறேன். எட்டு வருடமாக மர அம்புதான் செய்கிறேன். என் அனுபவத்தைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

சொட்டுப் பசை, அதாவது சயனோஅக்ரிலேட், காற்றில் உள்ள ஈரத்தால் இறுகுகிற பசை. 1942-இல் அமெரிக்காவில் கோடக் நிறுவனத்தின் ஹாரி கூவர் துப்பாக்கிக் குறிநோக்கிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடியபோது கையில் வந்தது. தொட்டதிலெல்லாம் ஒட்டுகிறது என்று அப்போது தூக்கிப் போட்டுவிட்டார்கள். 1958-இல்தான் கடைக்கு வந்தது. இந்தப் பசைக்கு 40 முதல் 60 சதவீத ஈரப்பதம்தான் உகந்தது. உங்கள் தாழ்வாரத்தில் காலை ஏழு மணிக்கு அதைவிட மிக அதிகமாக இருக்கும். பசை பரவி, பிடிப்பதற்குள் மேலே தோல் கட்டிக்கொள்ளும். ஓரத்தில் வெள்ளையாகப் பூத்தது போல் தெரிந்தால் அதுதான் அடையாளம். இன்னொன்று, அது இறுகினால் கண்ணாடி மாதிரி. நேராக இழுத்தால் தாங்கும், ஓரத்திலிருந்து உரித்தால் போய்விடும். இறகைச் சற்றே திருப்பி ஒட்டுகிறோம் அல்லவா, அந்த இறகு எப்போதும் நிமிரத்தான் பார்க்கும். முன்முனையில் உரிந்துகொண்டே இருக்கும்.

எபாக்சி, அதாவது இரண்டு குழாயிலிருந்து எடுத்துக் கலந்து ஒட்டுகிற பசை, தாங்கும். ஆனால் கனம். நான்கு அங்குல இறகு மூன்றும் சேர்ந்து அரை கிராமும் சொச்சமும்தான். கை தாராளமாக இருந்தால் எபாக்சி அதைவிடக் கூடுதலாகப் போய்விடும். வால் கனத்த அம்பு காற்றில் ஆடும். அதோடு, பிள்ளைகளுடைய அம்பில் வாரம் ஒரு இறகு கிழியும். எபாக்சியைச் சுரண்டினால் வார்னிஷோடு மூங்கில் நாரும் வரும்.

செருப்புத் தைப்பவர் வைத்திருக்கும் ரப்பர் சொல்யூஷன் கைக்கு எளிது. வெயிலில் மணலில் கிடந்தால் இளகி, இறகு மெல்ல நகரும். ஒரு சித்திரையில் என் அம்புகளுக்கு அப்படி ஆனது.

எனவே நைட்ரோசெல்லுலோஸ் சிமெண்ட் என்கிற பசை. அசிட்டோனில் கரைந்திருக்கும், காய்ந்தால் மெல்லிய படலமாக நிற்கும். வில்வித்தைப் பொருள் விற்கும் கடைகளில் இறகு ஒட்டவென்றே தருகிறார்கள். ஜிக்கில், அதாவது இறகை அம்போடு அழுத்திப் பிடிக்கிற கருவியில், ஒவ்வோர் இறகும் பதினைந்து நிமிடம் இருக்கட்டும். ஒரு நாள் முழுவதும் காயட்டும். கழற்ற வேண்டுமென்றால் மழுங்கிய கத்தி போதும்.

கீழக்கரை_காக்கா | திங்கள், இரவு 10.31

பதினைந்து நிமிடம், மூன்று இறகு, 24 அம்பு. வாத்தியார் பாடம் நடத்துவாரா, ஜிக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாரா?

தேவிபட்டினம்_தச்சன் | செவ்வாய், காலை 6.05

தம்பிகள் பேசட்டும், நடுவில் கிழவன் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்கிறேன். என் அப்பா காலத்தில் கதவு, கட்டில், தொட்டில் எல்லாவற்றுக்கும் வச்சிரம்தான். மாட்டுத்தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த பசை. சட்டியை நேரே அடுப்பில் வைக்கக் கூடாது, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து இளக்க வேண்டும். நாற்றம் தெருமுனைவரை போகும். பிடித்துவிட்டால் மரம் உடையுமே தவிர ஒட்டு விடாது. அந்தக் காலத்து அம்புகளுக்கும் உலகம் முழுவதும் இந்த மாதிரிப் பசையே போயிருக்கும்.

ஆனால் ஆசிரியருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். நம் கரைக்காற்றுக்கு வச்சிரம் ஆகாது. மாரிக்காலத்தில் நெகிழும், பூஞ்சை பிடிக்கும். வெள்ளைப் பசைக்கும் ஏறக்குறைய அதே குணம்தான், ஈரம் கண்டால் மறுபடி பாலாகும். கருவேலம் பிசினும் அப்படியே.

நான் கேட்க நினைப்பது வேறு. மூங்கிலின் பச்சைத் தோலை முழுக்கச் சீவினீர்களா? அதில் மெழுகு உண்டு. தோல் இருந்தால் வார்னிஷே பிடிக்காது. பிறகு, பளபளக்கிற வார்னிஷின் மேல் எந்தப் பசையும் நிற்காது. இறகு உட்காரும் இடத்தை மட்டும் பழைய உப்புத்தாளால் ஒரு தடவை மங்கலாக்கிக்கொள்ளுங்கள்.

கரையோர_வில் | செவ்வாய், மாலை 5.50

ஐயா, தோலை முழுக்கச் சீவிவிட்டேன். மங்கலாக்குவதும் உண்டு, 320-ஆம் எண் தாள். ஆவணியிலும் இதே தோல், இதே வார்னிஷ், இதே தாள். அதனால்தான் குழம்புகிறேன்.

தங்கச்சிமடம்_வலை | செவ்வாய், இரவு 8.15

நான் வலை பொத்துகிறவன். அம்பைப் பற்றி ஒன்றும் தெரியாது, என் மகள் உங்கள் பள்ளிக்குப் பக்கத்துப் பள்ளியில் வில் பழகுகிறாள் என்பதால் படித்துக்கொண்டிருந்தேன். அவள் அம்பை வாங்கிப் பார்த்தேன். இறகின் முன்முனைத் தண்டு ஊசி மாதிரி நிற்கிறது. அம்பு கையை உரசிக்கொண்டு போகும்போது அது கட்டைவிரல் அடியில் குத்தாதா? பசை எதுவானாலும் அந்த முனையில் பத்துச் சுற்று நூல் சுற்றுங்கள். முறுக்கு நைலான் நூல், மெல்லியது. ஒற்றை இழை நரம்பு வேண்டாம், வழுக்கும். தலைப்பை மடித்துச் சுற்றுக்குள் விட்டு இழுத்தால் முடிச்சே தேவையில்லை. தூண்டில் முள்ளுக்குக் கட்டுகிற கட்டுத்தான்.

உப்புத்தாள்_400 | செவ்வாய், இரவு 9.02

வலைக்கார அண்ணன் சொன்னது நூற்றுக்கு நூறு. கையில் குத்துவது நடக்கிற ஆபத்து, கேள்விப்பட்டது மட்டுமல்ல, பார்த்திருக்கிறேன். 1991-இல் ஆல்ப்ஸ் பனியில் கிடைத்தானே, 5,000 ஆண்டுகளுக்கு முந்தைய மனிதன், அவன் அம்பறாத்தூணியில் இருந்த அம்புகளிலும் இறகு பிர்ச் மரத் தாரால் ஒட்டி, அதன்மேல் நூலால் சுற்றியிருந்தது. இங்கிலாந்தில் 1545-இல் மூழ்கி 1982-இல் தூக்கப்பட்ட மேரி ரோஸ் போர்க்கப்பலில் ஆயிரக்கணக்கான அம்புகள் கிடைத்தன. அவற்றில் இறகு ஒட்டிய இடத்தில் செம்பு கலந்த பசையும் நூல் சுற்றிய தடமும். பசையை மட்டும் நம்பி விட்டவர்கள் அக்காலத்தில் குறைவு.

ஒரே ஓர் எச்சரிக்கை. பருத்தி நூலைச் சுற்றிவிட்டு மேலே சொட்டுப் பசையை ஊற்றாதீர்கள். பருத்தியில் பட்டால் அது சட்டென்று இறுகிக் கொதிக்கும், புகைகூட வரும். விரல் சுட்டுவிடும். பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள்.

பரமக்குடி_வேதியியல் | செவ்வாய், இரவு 10.10

பள்ளியில் வேதியியல் நடத்துகிறேன், வில்லைத் தொட்டதில்லை. ஆனாலும் முதல் பதிவில் ஒரு வரியை எல்லோரும் தாண்டிப் போய்விட்டீர்கள் என்று தோன்றுகிறது. பசை முழுவதும் இறகோடு வந்துவிட்டது, அம்பில் பொட்டுக்கூட இல்லை என்கிறார் சார்.

பசை சரியில்லை என்றால் அது நடுவில் கிழிந்திருக்கும், இறகில் பாதியும் அம்பில் பாதியும் நின்றிருக்கும். இறகைப் பிடித்துக்கொண்டு அம்பை மட்டும் விட்டிருக்கிறது என்றால் கோளாறு அம்பின் மேற்பரப்பில் இருக்கிறது. அதுவும் இரண்டு வேறு பசைகள் ஒரே மாதிரி விட்டிருக்கின்றன. பசைக்கும் வார்னிஷுக்கும் நடுவே ஏதோ ஒன்று உட்கார்ந்திருக்கிறது. எண்ணெயாக இருக்குமோ? பிள்ளைகள் தலையில் தேங்காய் எண்ணெய் வைத்துக்கொண்டு அம்பை எடுக்கிறார்களா?

கரையோர_வில் | செவ்வாய், இரவு 10.34

எண்ணெய் இல்லாத தலை எங்கள் பள்ளியில் எது, டீச்சர்! ஆனால் ஸ்பிரிட் எண்ணெயை எடுத்துவிடுமே. ஒட்டும்போது அம்பைத் தொடுவது நான் ஒருவன்தான். எனக்குத் தலையில் முடியும் இல்லை, எண்ணெயும் இல்லை.

வாலிநோக்கம்_உப்பளம் | புதன், காலை 5.20

சார், அம்பு ஒட்டுவதற்கு முன் ஒரு வாரம் எங்கே வைத்திருப்பீர்கள்?

கரையோர_வில் | புதன், காலை 6.40

தாழ்வாரத்தில்தான். வார்னிஷ் வாடை அறைக்குள் தாங்காது என்று கம்பியில் தொங்கவிடுகிறேன்.

வாலிநோக்கம்_உப்பளம் | புதன், பிற்பகல் 1.30

இன்று உப்புப் பாத்தியில் வேலை இல்லை, மழை. அதனால் நிதானமாக எழுதுகிறேன்.

ஸ்பிரிட் போடாத ஓர் அம்பை எடுத்து நுனிநாக்கால் தொட்டுப் பாருங்கள். கரிக்கும். வாடை அடிக்கும்போது கடல் தெறித்து வருவது கண்ணுக்குத் தெரியாது, ஆனால் எங்கள் வீட்டுச் சைக்கிளைக் கேட்டால் சொல்லும். ஆவணியில் உங்களுக்குக் கச்சான் காற்று, நிலத்திலிருந்து கடலுக்கு அடித்திருக்கும். இப்போது கடலிலிருந்து நேரே உங்கள் தாழ்வாரத்துக்கு வருகிறது. ஒரு வாரம் கம்பியில் தொங்கிய அம்பில் உப்புப் படியாமல் வேறு என்ன படியும்?

உப்பு சும்மா இருக்காது. அடுக்களைச் சாடியில் பாருங்கள், கார்த்திகையில் கல்லுப்பு வேர்த்துக் கசியும். எங்கள் உப்பு அம்பாரத்தை ஓலை போட்டு மூடினாலும் அடிப்பக்கம் ஈரம் கோத்துக்கொண்டே இருக்கும். பசைக்கு அடியில் ஒரு படலம் உப்பு இருந்தால் அது இரவெல்லாம் தண்ணீர் குடிக்கும். பிறகு உங்கள் பசை தண்ணீரின் மேல் நிற்கிறது, அம்பின் மேல் அல்ல.

பரமக்குடி_வேதியியல் | புதன், மாலை 6.15

ஐயா, நான் பாடமாக நடத்துவதை நீங்கள் சாடியைக் காட்டிச் சொல்லிவிட்டீர்கள். எண்களை மட்டும் சேர்க்கிறேன். சோடியம் குளோரைடு காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் ஈரத்தை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் உண்டு. அதற்கு 33 சதவீதமே போதும், அதாவது இந்தக் கரையில் அது காய்ந்திருக்கும் நாளே கிடையாது.

ஸ்பிரிட் ஏன் உதவவில்லை என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரில் ஏறக்குறைய 360 கிராம் உப்பு கரையும். தூய எத்தனாலில் ஒரு கிராம்கூடக் கரையாது. மருந்துக்கடை ஸ்பிரிட்டில் கொஞ்சம் தண்ணீர் கலந்திருந்தாலும் உப்பை அது எடுக்காது, இழுத்துப் பரப்பும். எண்ணெய்க்கு ஸ்பிரிட், உப்புக்குத் தண்ணீர். முதலில் தண்ணீர், நன்றாகக் காய்ந்த பிறகு ஸ்பிரிட்.

கரையோர_வில் | புதன், இரவு 7.20

நாக்கால் தொட்டேன். கரிக்கிறது. ஸ்பிரிட் போட்டுத் துடைத்ததையும் தொட்டேன், முதலில் ஸ்பிரிட்டின் கசப்பு, அப்புறம் அதிலும் கரிப்பு. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் பார்த்துவிட்டு, "சார் அம்பை நக்குகிறார்" என்று பள்ளி முழுவதும் சொல்லிவிட்டான்.

கீழக்கரை_காக்கா | புதன், இரவு 7.33

உப்புத்தாள் என்று பெயர் வைத்துக்கொண்டு உப்பை மறந்துவிட்டாரே மதுரைக்காரர்.

உப்புத்தாள்_400 | புதன், இரவு 7.50

வைகைக் கரையில் உப்புக்கு எங்கே போவது? ஒப்புக்கொள்கிறேன், என் தலைக்கு அது எட்டவில்லை.

பனைவிடலி | வியாழன், காலை 9.05

நடுவில் ஒரு சந்தேகம். எங்கள் கொல்லையில் மயில்கள் நிறைய. கீழே கிடக்கும் மயிலிறகை அம்புக்கு ஒட்டலாமா? வான்கோழி இறகு வாங்கும் செலவு மிச்சம்.

மட்டுறுத்துநர் | வியாழன், காலை 10.00

தோகை இறகு பயன்படாது. இழைகள் ஒன்றோடொன்று கோத்து நிற்காது, காற்றை வெட்டாது. மயில் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் பறவை. தானாக உதிர்ந்த இறகா, பிடுங்கியதா என்று பள்ளி வாசலில் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டி வரும். வான்கோழியோடு நிறுத்திக்கொள்வோம். இழை பசைக்குத் திரும்பட்டும்.

கரையோர_வில் | அடுத்த திங்கள், இரவு 8.45

கெட்ட செய்தி. ஆறு அம்புகளைத் தண்ணீரால் துடைத்து, காயவைத்து, ஸ்பிரிட் போட்டு, மதுரை அண்ணன் சொன்ன சிமெண்டால் ஒட்டினேன். நான்கு நாளில் ஐந்து அம்பில் இறகு கழன்றுவிட்டது. முன்பைவிட மோசம். இந்த முறை சிமெண்டே வெள்ளையாக, தயிர் ஆடை போல இருக்கிறது. உப்பளத்து ஐயா சொன்னது தப்போ என்று சொல்ல மனம் வரவில்லை, ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

வாலிநோக்கம்_உப்பளம் | அடுத்த திங்கள், இரவு 9.10

எந்தத் தண்ணீரில் துடைத்தீர்கள்?

கரையோர_வில் | அடுத்த திங்கள், இரவு 9.14

பள்ளிக் குழாயில். ஆழ்குழாய்த் தண்ணீர்.

...

ஐயோ.

வாலிநோக்கம்_உப்பளம் | அடுத்த திங்கள், இரவு 9.20

நம் ஊர் ஆழ்குழாய்த் தண்ணீரில் துடைப்பதற்குப் பேசாமல் கடலிலேயே முக்கி எடுத்திருக்கலாம். அந்தத் தண்ணீரில் குளித்தால் சோப்பு நுரைக்கிறதா சொல்லுங்கள். பானையில் கொதிக்கவிட்டால் அடியில் வெள்ளை படியும், அது அத்தனையும் உங்கள் அம்பின் மேல் காய்ந்திருக்கிறது. காவிரிக் கூட்டுக் குடிநீர் வருகிறது அல்லவா, அதில் துடையுங்கள். வராத நாளில் கேன் தண்ணீர். ஒரு குவளை போதும், ஆனால் துணியை ஒவ்வோர் அம்புக்கும் புதுத் தண்ணீரில் அலசிப் பிழிய வேண்டும். ஒரே துணியால் ஆறு அம்பைத் துடைத்தால் முதல் அம்பின் உப்பு ஆறாவது அம்புக்குப் போகும்.

பரமக்குடி_வேதியியல் | அடுத்த திங்கள், இரவு 9.45

சிமெண்ட் வெளுத்தது வேறு சங்கதி. அசிட்டோன் சீக்கிரம் ஆவியாகும்போது மேற்பரப்பைக் குளிர்விக்கும். கையில் ஸ்பிரிட் பட்டால் சில்லென்று இருக்கிறதே, அதே வேலை. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அந்தக் குளிர்ந்த பசையின் மேல் பனி போல நீர் படிந்து உள்ளே கலந்துவிடும். மரச்சாமான்களுக்கு லேக்கர் அடிப்பவர்களுக்கு மழைக்காலத்தில் இந்தத் தொல்லை தெரியும். காலையில் ஒட்டாதீர்கள். மழையில்லாத நாளில் உச்சிப்பொழுதில், ஜன்னலைச் சாத்திய அறைக்குள், எரிகிற ஒரு குண்டு பல்புக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். அசிட்டோன் தீப்பிடிக்கும், பல்பைத் தவிர வேறு நெருப்பு பக்கத்தில் வேண்டாம். பல்பையும் ஒரு முழம் தள்ளியே வையுங்கள்.

தேவிபட்டினம்_தச்சன் | அடுத்த செவ்வாய், காலை 5.55

டீச்சரம்மா சொன்னது சரி. புரட்டாசிக்கு மேல் தைக்கு முன் லேக்கர் வேலையை நான் ஒப்புக்கொள்வதே இல்லை.

கரையோர_வில் | நான்காம் வாரம், சனி, இரவு 7.30

இம்முறை அவசரப்படவில்லை. பரிசோதனை போலச் செய்தேன், எட்டாம் வகுப்புப் பையனையே குறிப்பேட்டைப் பிடிக்கச் சொன்னேன்.

ஒன்பது அம்புகள் குடிநீரால் துடைத்தவை. மூன்றுக்குச் சிமெண்ட், மூன்றுக்கு ஜெல் சொட்டுப் பசை, மூன்றுக்கு எபாக்சி. மேற்கொண்டு மூன்று அம்புகள் தண்ணீரே காட்டாமல் ஸ்பிரிட் மட்டும் போட்டவை, அவற்றுக்கும் சிமெண்ட். எல்லாம் ஆய்வக அறையில், நண்பகல் 12 மணிக்கு மேல். நூல் எதற்கும் சுற்றவில்லை, பசையின் உண்மை தெரியட்டும் என்று. பிறகு 12 நாள் அதே தாழ்வாரத்தில் தொங்கவிட்டு, தினமும் ஒவ்வோர் அம்பையும் ஐந்து முறை எய்தோம். இடையில் இரண்டு நாள் அடைமழை.

குடிநீர் கண்ட சிமெண்ட் அம்புகளில் ஒன்பது இறகும் நிற்கின்றன. எபாக்சியிலும் ஒன்பது. சொட்டுப் பசையில் எட்டு. ஒன்று முன்முனையிலிருந்து உரிந்து வந்தது, மதுரை அண்ணன் சொன்ன அதே மாதிரி. தண்ணீர் காணாத மூன்று அம்புகளில் ஒன்பது இறகில் ஐந்து போய்விட்டன. ஒரே சிமெண்ட், ஒரே நாள், ஒரே கை.

போனவற்றைத் திருப்பிப் பார்த்தேன். சிமெண்ட் நாடாவின் அடியில் கண்ணாடிச் சில்லு மாதிரி ஏதோ மினுங்கியது. ஆய்வகத்து உருப்பெருக்கியில் வைத்தோம். சின்னச் சின்னச் சதுரங்கள். பையன் சொன்னான், "சார், இது நம் வீட்டுக் கல்லுப்பு மாதிரியே இருக்கிறது."

வாலிநோக்கம்_உப்பளம் | சனி, இரவு 7.52

அந்தப் பையனை விடுமுறையில் பாத்திக்கு அனுப்புங்கள். கண் இருக்கிறது.

உப்புத்தாள்_400 | சனி, இரவு 8.20

ஒன்பதுக்கு ஒன்பது இரண்டு பசைக்கும் வந்திருக்கிறது. அப்படியானால் எதை எடுக்கப் போகிறீர்கள்? நான் முதலில் எபாக்சியைக் கொஞ்சம் இறக்கிப் பேசிவிட்டேன். பல்குச்சியால் இழை போல வைத்தால் கனம் அவ்வளவு ஏறாது.

கரையோர_வில் | சனி, இரவு 9.05

சிமெண்ட்தான் அண்ணா. எபாக்சி அம்பில் ஓர் இறகை வேண்டுமென்றே கழற்றிப் பார்த்தேன், ஒரு கீற்று மூங்கிலும் சேர்ந்து வந்தது. பதினோரு பிள்ளைகள் ஒரே பலகையில் எய்கிறார்கள். அம்பு அம்பில் உரசி இறகு கிழிவது நிற்கப் போவதில்லை. கழற்ற முடியாத பசை எனக்கு உதவாது. சிமெண்ட் அம்பில் மழுங்கிய கத்தியை அடியில் விட்டால் வாழைநார் போல உரிகிறது, மிச்சத்தை அசிட்டோன் தோய்த்த துணி எடுத்துவிடுகிறது. அம்பின் வாலில் பிளாஸ்டிக் நாண்கவ்வி மாட்டுகிறவர்கள் அதில் அசிட்டோன் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இளகிவிடும். எங்கள் அம்பில் மூங்கிலிலேயே வெட்டிய காடிதான் என்பதால் அந்தக் கவலை இல்லை.

ஜெல் சொட்டுப் பசையைப் போட்டிப் பைக்குள் வைத்திருக்கிறேன், திடலில் அவசரத்துக்கு. காக்கா சொன்னது வீண்போகவில்லை. குப்பியை வீட்டில் காற்றுப்புகாத டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு குளிர்பெட்டியில் வைக்கிறேன். வெளியே வைத்த முதல் குப்பி இரண்டு வாரத்தில் கல்லாகிவிட்டது.

வார்னிஷ் காயும் வாரத்தில் இனி அம்புகள் தாழ்வாரத்தில் இல்லை. தலைமையாசிரியரிடம் கேட்டு, பின்பக்கத்துப் பழைய அலமாரி அறையை வாங்கிவிட்டேன். வார்னிஷ் வாடை சகிக்கவில்லை என்று பக்கத்து அறை கணக்கு ஆசிரியர் மட்டும் முகத்தைத் தூக்கிக்கொண்டிருக்கிறார்.

தங்கச்சிமடம்_வலை | சனி, இரவு 9.20

நூல் சுற்றினீர்களா சார்?

கரையோர_வில் | சனி, இரவு 9.28

பரிசோதனை முடிந்ததும் எல்லாவற்றுக்கும் சுற்றிவிட்டேன், நீங்கள் சொன்ன தூண்டில் கட்டுத்தான். மேலே ஒரு பூச்சு சிமெண்ட். பிள்ளைகளும் கற்றுக்கொண்டார்கள், மூன்று பேர் என்னைவிட இறுக்கமாகச் சுற்றுகிறார்கள். விசாரித்தால் மூவர் வீட்டிலும் வலை இருக்கிறது.

இன்னும் ஏழு அம்புகளுக்கு இறகு போதவில்லை. மிச்சம் இருப்பதில் இடது இறக்கையும் வலது இறக்கையும் கலந்து கிடக்கின்றன. ஓர் அம்பில் இரண்டையும் கலந்தால் சுழற்சி கெடும். எனக்கு இடது இறக்கை இறகு இருபத்தொன்று வேண்டும்.

கீழக்கரை_காக்கா | சனி, இரவு 9.41

எங்கள் மாமி வீட்டில் ஆறு வான்கோழி நிற்கிறது சார். உதிர்ந்த இறகைச் சாக்கில் சேர்த்து வைத்திருக்கிறார்கள், காது குடைய என்று பேரப்பிள்ளைகள் எடுத்தது போக. எது இடது, எது வலது என்று எப்படிப் பார்ப்பது? ஒரு படம் போட்டுவிடுங்கள், நாளைக் காலைப் பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன்.

கரையோர_வில் | சனி, இரவு 9.50

படம் தேவையில்லை காக்கா. தண்டின் அடிமுனை உங்கள் பக்கம் இருக்க, மினுமினுப்பான மேல்புறம் மேலே பார்க்க மேசையில் வையுங்கள். அகலமான பக்கம் இடக்கைப் பக்கம் இருந்தால் இடது இறக்கை. அப்புறம், சாக்கை மாடியில் காயவைக்க வேண்டாம்.

கீழக்கரை_காக்கா | சனி, இரவு 9.53

ஏன் சார்?

வாலிநோக்கம்_உப்பளம் | சனி, இரவு 9.54

காக்கா, உங்கள் மாடி எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது?